பறங்கி என்னும் சொல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சொல்லாராய்ச்சி செய்யும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் ஒரு சொல்லைப்பற்றித் தீர்க்கவேண்டிய கடனொன்று உண்டு. மிசன் பாடசாலையொன்றில் நாம் படித்த காலத்தில், பந்தாட்டத்திலே தோற்ற கோபத்தினால், சகமாணவன் ஒருவனைப் "பறங்கி" என்று ஏசினோம். அவன் மட்டக்களப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். எம்மைப் போலவே தமிழ் பேசுபவன். அவன் கை ஓங்கவில்லை. "அந்தச் சொல்லுக்குக் கருத்து என்ன எண்டு தெரியுமோ?" என்று மாத்திரம் கேட்டான். எமக்குத் தெரியவில்லை. அன்று சொல்ல இயலாத விடையை இன்று சொல்ல முயல்கின்றோம்.

மேற்றிசையாருக்கு நம் முன்னோர் வழங்கிய பழம்பெயர் யவனர் என்பது. அயோனியா என்னும் கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து பிறந்து, பின்னர் உரோமரையும் அது குறித்தது. ஒரு கூட்டத்தாரின் பெயர் ஒரு திசையார் அனைவருக்கும் பெயராகும் இவ்வழக்கே பறங்கி என்பதிலும் நிகழ்ந்தது. பிராங்கர் என்போர் பிரான்சு தேசத்துக்குப் பெயர் தந்த பழைய செருமானிய இனத்தார். சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயராலேயே அழைத்தனர். பாரசீகர் நாவில் அது பரங்கி ஆயிற்று. கடல் வணிகரோடு கிழக்கே வந்து, தமிழிற் பறங்கி எனவும், சீயத்திற் பராங் எனவும் நிலைத்தது. இலத்தீன் மொழியிலோ பிராங்கர் என்ற பெயர் "கட்டற்றவன்" என்னும் பொருளையும் பெற்றது. பிறப்பில் இச்சொல் வசைச்சொல் அன்று.

பின் இழிவு எவ்வாறு ஏறியது? நாம் இதனை மறைத்தல் கூடாது. போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621 இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. விரதச் சோறுண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். செயல் கசந்தது, பெயரும் கசந்தது. மதுரையிலும் அவ்வாறே. அங்கு 1606 இல் வந்த இத்தாலியப் பாதிரியாராகிய தத்துவபோதகர், கிறித்தவராதல் பறங்கியாதலே என்று மக்கள் வெறுத்தமை கண்டு, தாம் பறங்கி அல்லர், உரோமாபுரியின் உயர்குடியினர் எனச் சொல்லிக் காவியுடை தரித்தார். அவர் முதுமையில் யாழ்ப்பாணத்திலும் சிலகாலம் வாழ்ந்தவர்.

நோயும் இப்பெயர் பெற்றது. வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம் பிரங்க ரோகம் என ஒரு நோயைக் கூறும். தமிழர் பறங்கிப்புண் என்றனர். அதற்கு மருந்தாகக் கொண்ட கிழங்கும் பறங்கிப்பட்டை எனப்பட்டது. தமிழகத்தார் பூசணியைப் பறங்கிக்காய் என்று சுவைத்து உண்பர். சொல் ஒன்றே, இகழ்ச்சி அதனை ஆள்வோர் நெஞ்சில் உள்ளது.

இனி நாம் கருதவேண்டியது ஒன்று. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். ஆங்கிலேயர் 1795 இல் வந்தனர். ஆங்கிலேய அதிகாரியை நாம் துரை என்று கைகட்டி அழைத்தோம். கொள்ளையிட்ட கப்பல்கள் எல்லாம் திரும்பிப் போயின. ஆனால் இந்நாட்டிலேயே பிறந்து, தச்சுவேலையும் கொல்லுவேலையும் செய்து, மட்டக்களப்பிலே வீட்டிற் போர்த்துக்கேயக் கலப்புமொழியும் தெருவில் தமிழும் பேசி வாழ்ந்தவர் தலையிலேதான் பழைய கோபம் முழுவதும் இறங்கியது. அதிகாரம் உள்ளவனுக்குத் துரை. அஃது இல்லாதவனுக்குப் பறங்கி! இது வீரமா?

குடிசன மதிப்பிலே பறங்கியர் என்பது ஓர் இனத்தின் முறையான பெயர். 1956 இன் பின் அவருட் பலர் அவுத்திரேலியாவுக்குச் சென்றனர். 2012 ஆம் ஆண்டுக் கணக்கில் 40,000 பேர் தாமும் இல்லை. "அர்" விகுதியோடு சொன்னால் ஓரினம். அதனை நீக்கி முகத்துக்கு நேரே எறிந்தால் ஏச்சு. ஒரு விகுதியில் மரியாதை நிற்கின்றது.

தோழர்களே, அதே பாடசாலையில் வேதபாட வேளையிலே சைவரை "அஞ்ஞானிகள்" எனக் குறிக்கும் புத்தகம் ஒன்று எம் கையில் இருந்தது. அச்சொல்லை உரக்க வாசிக்கும் முறை எமக்கு வந்த நாளில், நெற்றியில் திருநீற்றோடு எழுந்து நின்றோம், நா எழவில்லை. அன்று எமக்குப் பின்வாங்கிலிருந்து அந்த வரியைத் தானே வாசித்து எம்மை அமரச்செய்தவன், பந்தாட்டத்தில் எம்மிடம் ஏச்சு வாங்கிய அவனேதான்.

முன்னோர் பட்ட துன்பத்தை மறக்கவேண்டா. வரலாற்றில் எழுதுவோம், பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அதனைச் செய்தவர் கணக்கிலேயே வைப்போம். அயல்வீட்டான் கணக்கில் ஏற்றவேண்டா. பட்டப்பெயர் சுடும் என்பது சுடப்பட்ட நமக்குத் தெரியாததன்று.

அந்த நண்பன் இன்று கடல்கடந்து வாழ்கின்றான். அவன் கேட்ட கேள்விக்கு இவ்வுரையே எமது விடை, மன்னிப்பும் இதுவே.