காட்டுணவும் பட்டறிவும்

உணவு உற்பத்தி என்றவுடன் நெல், கோதுமை, பயறு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உழாமலும் விதைக்காமலும் கிடைக்கும் உணவு புள்ளிவிவரங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும், வேலையற்ற மாதங்களில் பல ஏழைக் குடும்பங்களின் பசியைத் தணிப்பது அதுவே. இவ்வுணவின் பொருளாதார மதிப்பைத் தடா வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது மாணவர்க்கும் அலுவலர்க்கும் பயன் தரும்.

தடா, ஆந்திரப் பிரதேசத்தின் தென் எல்லையில், பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்த ஊர். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு உள்ளது. இவ்வட்டாரத்தின் தொல்குடியினர் யானாதிகள் ஆவர். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி ஆந்திரத்தில் இவர்களின் எண்ணிக்கை 5 இலட்சத்துக்கும் மேல். மீனும் நண்டும் பிடித்தல், தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், கீரை பறித்தல் ஆகியவை இவர்களின் மரபுத் தொழில்கள். வயல் எலிகளைப் பிடித்து, வளைகளில் அவை சேர்த்துவைத்த நெற்கதிர்களையும் மீட்டெடுப்பர். உழவருக்கு அதனால் பயிர்க் காப்பு, இவர்களுக்கு உணவு.

இனங்காணும் திறன்

காட்டில் விளைவன யாவும் உணவல்ல. வள்ளிக்கிழங்கும் கண்வலிக்கிழங்கும் மண்ணுக்கடியில் கிழங்கு விடும் கொடிகளே. வள்ளியின் இலை பெரும்பாலும் இதய வடிவினது. கண்வலிக்கிழங்கின் இலை நீண்டு, நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். கலப்பை போல் வளைந்த இதன் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. இதனை உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோர் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. ஆகவே, முற்றிலும் உறுதியாக இனங்காணாத எதையும் உண்ணலாகாது என்பதே முதல் விதி.

பக்குவம் செய்யும் முறை

இரண்டாவது விதி பக்குவம். காட்டு வள்ளியின் கசப்பு வகைகளில் நஞ்சு உண்டு. அது நீரில் கரையக்கூடியது. எனவே அவற்றை மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடும் நீரில் நெடுநேரம் ஊறவைத்து, பலமுறை வேகவைத்து நீரை வடிப்பர். காட்டுக்கருணையின் அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அதைப் புளி சேர்த்து நன்கு வேகவைப்பது வழக்கம். உவர்நிலத்தில் வளரும் உமரிக்கீரையை வேகவைத்து நீரைக் கொட்டினால் மிகை உப்பு நீங்கும். எந்தக் கிழங்குக்கு எந்தப் பக்குவம் என்பதைப் பெண்கள் தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாகவே கற்பித்து வருகின்றனர்.

எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. வள்ளி அகழ்வோர் கிழங்கின் தலைப்பகுதியைக் கொடியுடன் குழியிலேயே விட்டு மண் மூடுவது தென்னிந்தியப் பழங்குடியினர் பலரிடம் காணப்படும் வழக்கம். அடுத்த ஆண்டு அது மீண்டும் விளையும். முதலை அழிக்காமல் வட்டியை மட்டும் உண்ணும் சிக்கனம் இது எனலாம்.

உரிமையின் இடம்

இவ்வறிவு ஏட்டில் வாழ்வதன்று, பயன்பாட்டில் வாழ்வது. காட்டுக்குள் செல்லும் வழி அடைபட்டால், ஒரே தலைமுறையில் அது மறையக்கூடும். சென்னை நகரின் விறகுத் தேவைக்காக 1835இல் ஸ்ரீஹரிகோட்டா அரசின் பொறுப்பில் வந்தது. 1969இல் ஏவுதளத்திற்கென அத்தீவு தெரிவு செய்யப்பட்டபின், அங்கிருந்த யானாதிக் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. நாட்டின் தேவை உண்மையானதே. ஆனால் வீட்டுக்கும் நிலத்துக்கும் ஈடு கணக்கிடலாம். கிழங்கு விளையும் இடத்தைப் பற்றிய அறிவுக்கு எந்த அட்டவணையும் விலை குறிப்பதில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையை ஓரளவு நிறைவு செய்கிறது. சிறு வன விளைபொருள் என்பதன் விளக்கத்தில் தேன், பிரம்பு, மூலிகைகளுடன் வேரும் கிழங்கும் அதில் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன. மரபாகச் சேகரித்து வந்தோர்க்கு அவற்றின்மீது உடைமையுரிமை உண்டு, வேட்டைக்கு உரிமையில்லை. தடா ஐந்தாம் அட்டவணைப் பகுதியில் அடங்காததால், 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்குப் பொருந்தாது. ஆகவே 2006ஆம் ஆண்டுச் சட்டமே இங்கு முதன்மையான பிடிமானம்.

மரபறிவைத் தொழிலாக்க முடியும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நலிந்தது. 1978இல் இருளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் அதே பாம்பு பிடிக்கும் திறனைக் கொண்டு, நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்து வழங்கத் தொடங்கியது. திறன் பழையது, நிறுவனமும் அனுமதியும் புதியவை.

தடா வட்டாரத்திலும் கிராம சபை உரிமைக் கோரிக்கைகளைப் பதிவு செய்யும்போது, உண்ணத்தக்க தாவரங்களின் பட்டியலையும் மூத்த பெண்களின் துணைகொண்டு தயாரித்தல் வேண்டும். நச்சுத் தாவரங்களை இனங்காணும் பாடம் பழங்குடியினர் விடுதிகளிலும் அங்கன்வாடிகளிலும் இடம்பெறுதல் நலம். நியாய விலைக் கடை அரிசி வயிற்றை நிரப்புகிறது; கீரையும் கிழங்கும் கனியும் அதனுடன் சேரும்போதே உணவு நிறைவு பெறுகிறது. காட்டை அறிந்தவர் கையில் காட்டுணவு செல்வம். அறியாதவர் கையில் அதுவே நஞ்சு. அறிந்தவர்கள் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவ்வறிவைக் காத்தல் வளர்ச்சித் திட்டத்தின் கடமையாகும்.