அந்த இரவிலேயே எழுந்தார்



கனவில் எச்சரிக்கை பெற்ற யோசேப்பு, விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு அந்த இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார் என்கிறது மத்தேயு நற்செய்தி. கடவுள் காப்பார் என்று அவர் படுத்துக்கொள்ளவில்லை. எழுந்து புறப்பட்டதே அவருடைய நம்பிக்கை.

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலையில் கடல் ஏறி வந்தபோது நமக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடக்கும் முன்பே அறிவிப்பு வந்தது. ஆனால் அறிவிப்பு வந்த பிறகும் ஆடுமாடு, படகு, படுக்கையில் கிடக்கும் பெற்றோர் என்று நம் கால்கள் தயங்குகின்றன. இதற்கெல்லாம் வழியை, வானம் தெளிவாக இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மாத்திரைகள், டார்ச் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் வைப்போம். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகும் வழி பிள்ளைகளுக்கும் தெரியட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைச் சுவரில் எழுதுவோம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒன்றைக் கேட்போம்: நம் தெருவில் தானாக நடக்க முடியாதவர் யார்? அவரைத் தூக்கிச் செல்லப்போவது யார்? பெயர்களைக் குறித்துக்கொள்வோம். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். யோசேப்பு எழுந்தது தமக்காக அல்ல, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களுக்காக. நம்மிடமும் சிலர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.