ஜுரு ஆற்றின் கோப்பு

சட்டமும் சமுதாயமும் என்னும் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. சட்டம் அலமாரியில் இருக்கிறது. சமுதாயம் ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். தனி ஒருவரால் ஆகிற வேலையா இது? அவரவர் சேர்த்ததை மற்றவர்க்கும் கொடுத்தால்தான் ஆகும்.

நம் ஜுருவையே எடுத்துக்கொள்வோம். ஆற்று முகத்துவாரத்தில் கோல ஜுரு என்னும் மீனவர் கம்பம் இருக்கிறது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் இறங்கியது. மீன் குறைந்தது, கெராங் சிப்பியும் அருகிற்று. கம்பத்து மக்கள் முறையிட்டார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணைநின்று, அந்தப் போராட்டத்தை நூலாகவும் வெளியிட்டது. நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்ததும் அதே காலத்தில், 1974இல். மீனவர் சொன்னதையும் சட்டத்தின் 25ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படித்தால் மாணவர் தாமாகவே கேள்வி கேட்பார். பிரிவை மட்டும் படித்தால் மனப்பாடம்தான் செய்வார்.

பிரதி எடுத்துக் கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அரசின் சட்ட வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பதிப்புரிமைக்கு உட்படுத்தவில்லை. ஆகவே அவற்றைத் தாராளமாகப் பகிரலாம். பிறர் எழுதிய நூலையோ விளக்கவுரையையோ அப்படி முழுதாக நகலெடுக்க முடியாது. மீனவரின் வாக்குமூலம் என்றால் அவரைக் கேட்டுக்கொண்டு, பெயரை நீக்கிக் கொடுப்பதே முறை.

ஆண்டு குறிக்காத குறிப்பு ஆபத்தானது. ஆற்றை மாசுபடுத்தினால் அதிகபட்ச அபராதம் என்ன? முதலில் 10,000 ரிங்கிட். 1996 திருத்தத்தில் 100,000. 2024 திருத்தத்தில் 1 கோடி ரிங்கிட் வரை. பழைய குறிப்பு கைமாறிக் கைமாறி வந்தால், தொழிற்சாலைக்கு இது சில்லறைக் காசு என்றுதானே மாணவர் நினைப்பார்? (எங்கள் பழைய குறிப்பேடுகளிலும் இந்தக் குறை உண்டு.)

தோல்வியையும் மறைக்காமல் பகிர வேண்டும். பேராக்கில் புக்கிட் மேரா மக்கள், தோரியம் கலந்த கழிவை எதிர்த்து 1985இல் ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சியோடு அங்கேயே பாடத்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அப்படியிருந்தும் 1994இல் ஆலை மூடப்பட்டது. வென்ற நிறுவனம் ஏன் மூடியது? ஒரு வகுப்பு முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுக்கலாம். ஆனால் அந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரே உறையில் வந்துசேர்ந்தால்தான் மாணவர் அதைக் கேட்பார்.