ஒரு வருடம் போய் வந்த கதை

(எமது சங்கத்தின் பெற்றோர் - மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே பெரும்பாலும் தரப்படுகிறது.)



என்னை ஏன் பேசக் கூப்பிட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில கிழமைகளுக்கு முன் லாச்சப்பலில் ரூ காய் வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். (மரக்கறி வாங்கப் போற வீதிக்குப் பெயரும் காய் என்று சொல்லி என் அப்பா ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.) ஒரு அம்மா என்னைத் தடுத்து நிறுத்தி, "பிள்ளை, நீர் ஜேர்மன் படிப்பிக்கிற ரீச்சரெல்லே?" என்று கேட்டா. அவவின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறா. எராஸ்மூஸ் திட்டத்தில் ஸ்பெயினில் செவிய்யா நகரத்தில் ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தகப்பன் மாட்டன் என்கிறார். "பெட்டைப் பிள்ளையைத் தனிய ஒரு வருசம் அனுப்பிறதோ? சனம் என்ன கதைக்கும்?" இதுதான் அவர்கள் வீட்டில் இப்போது நடக்கிற சண்டை. முருங்கைக்காய்க் கட்டோடு நடுத்தெருவில் நின்று சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அதைச் சங்கத்தாரிடம் சொன்னேன். "அப்ப எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்று இந்த மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

இதே சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. அது 2001ஆம் ஆண்டு.

நான் 1989இல் ஒன்பது வயதில் அம்மாவோடு பிரான்சுக்கு வந்தவள். அப்பா அதற்கு முன்னமே வந்து ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கொலேஜில் இரண்டாவது மொழி எடுக்கச் சொன்னபோது எல்லாரும் ஸ்பானிஷ் எடுத்தார்கள். ஜேர்மன் வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ரீச்சர் கவனிப்பா என்று யாரோ அப்பாவுக்குச் சொல்ல, என்னை அதில் சேர்த்துவிட்டார். அப்படித் தற்செயலாகத் தொடங்கியதுதான் இன்று என் தொழில். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்து மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது, ஜேர்மனியில் மூன்ஸ்ரர் நகரத்துக்கு ஒரு வருடம் போகலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.

நான் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஏனென்றால் அது பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு என்றே நினைத்தேன். எங்களிடம் இருந்தது பத்து வருடக் கார்ட்டும், எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகேலாது என்று அடித்த அகதிப் பயணப் பத்திரமும்தான். அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணிதான் விதியை எடுத்துக் காட்டினா. அந்தந்த நாட்டில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் அச்சடித்தே இருந்தது. எங்களுக்கு இல்லை என்று நாங்களே முடிவுகட்டி விட்டுவிடுகிற விசயங்கள் எத்தனை! இன்றைக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை. எந்தக் குடியுரிமை என்பது இப்போது கணக்கில்லை, பல்கலைக்கழகத்தில் பதிந்து படிக்கிற மாணவராக இருந்தால் போதும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் தொடங்கியது. இதற்காகப் பல வருடங்கள் அலைந்தவர் சோபியா கொறாடி என்ற இத்தாலிய அம்மையார். அவர் 1950களின் கடைசியில் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ரோம் திரும்பியபோது, அங்கே படித்ததைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அவமானத்தில் பிறந்த யோசனை இது. வெளியில் படித்ததையும் ஊரில் படித்ததாக எண்ண வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆகவே "ஒரு வருசம் வீணாப் போயிடும்" என்று பயப்படுகிற பெற்றோருக்குச் சொல்கிறேன்: ஒரு வருடப் படிப்பு 60 புள்ளி என்றால், அங்கே எடுக்கிற 60 இங்கே சேரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டத் தேவையில்லை, இங்கே கட்டுகிறதுதான். குறூஸ் உதவிப்பணம் எடுக்கிற பிள்ளைக்கு அதுவும் நிற்காது.

எராஸ்மூஸ் என்பது ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு அறிஞரின் பெயர். ரொட்டடாமில் பிறந்தவர், 1495இல் இங்கே பாரிசுக்குப் படிக்க வந்தார். அவர் தங்கிய கொலேஜில் கூழ்முட்டை சாப்பிடத் தந்தார்கள் என்று பிறகு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொலேஜ் இருந்த இடத்தில்தான் இப்போது செந்த் ஜெனவியேவ் நூலகம் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே வரிசையில் நின்று இடம் பிடித்துப் படிக்கிறார்கள். சாப்பாடு சரியில்லை என்ற கதை எந்தக் காலத்திலும் உண்டு.

வீட்டுக்கு வருவோம். அம்மா மாட்டேன் என்றா. லண்டன் என்றாலாவது சித்தி வீடு இருக்கு, ஜேர்மனியில் ஆர் இருக்கினம் என்று கேட்டா. அப்பா ஒரு கிழமை ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு இரவு வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அவள் போகட்டும்" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அப்பா ஏ. எல். நல்லாய் எடுத்தும் தரப்படுத்தலால் 1974இல் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தவர் என்பது ஒன்றுதான். மீதி அந்த வருடத்தில் தெரிய வந்தது.

கடதாசி வேலையை ஒளிக்காமல் சொல்கிறேன், இது இப்போதும் சில பிள்ளைகளுக்குப் பொருந்தும். பிரெஞ்சுப் பிள்ளை அடையாள அட்டையோடு ரயில் ஏறும். நான் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கு விசா எடுக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில், "உன் சொந்த நாட்டுப் பாஸ்போட் எங்கே?" என்று கேட்டு முழுக் கோப்பையும் திருப்பித் தந்துவிட்டார்கள். சொந்த நாட்டுப் பாஸ்போட் இருந்தால் நான் ஏன் அகதி என்று கேட்கவேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை, இருபத்தொரு வயது. வகுப்புகள் ஒக்டோபர் நடுவில் தொடங்க, நான் போய்ச் சேர்ந்தது நவம்பரில். ஆகவே அகதிப் பயணப் பத்திரம் வைத்திருக்கிற பிள்ளைகள் இடம் கிடைத்த அன்றே அலுவலைத் தொடங்குங்கள். பத்திரமும் கார்ட்டும் அங்கே இருக்கும்போது முடியாமல் இருக்கிறதா என்று திகதியைப் பாருங்கள்.

லாச்சப்பலுக்குப் பின்பக்கம்தான் கார் து நோர். அப்போது அங்கே தலிஸ் ரயில் ஏறினால் கேல்ன் நகரம். அம்மா மிளகாய்த்தூள் ஐந்து கிலோ கட்டித் தந்தா.

மூன்ஸ்ரர் சைக்கிள் நகரம். சனத்தை விடச் சைக்கிள் கூட என்பார்கள். பாரிசில் வளர்ந்த எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ஊரில் ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற வயது வருவதற்கு முன்னமே நான் வந்துவிட்டேன். இருபத்தொரு வயதில் விழுந்து எழும்பிப் பழகினேன். ரெலிபோனில் சொன்னபோது அப்பாவுக்குச் சரியான சந்தோசம். "அப்ப அது யாழ்ப்பாணம்தான்" என்றார்.

படிப்பு வேறு மாதிரி. இங்கே பெரிய மண்டபத்தில் இருந்து பேராசிரியர் சொல்லுறதை எழுதுகிறோம். அங்கே இருபது பேர் சுற்றி இருந்து கதைக்க வேண்டும், ஒவ்வொருவரும் முறைக்கு ஒரு விடயத்தை எடுத்து விளக்க வேண்டும். எனக்கு வந்தது ஜேர்மனியின் அகதிச் சட்டம். 1949இல் எழுதிய அரசியல் சட்டத்தில் அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்ச உரிமை உண்டு என்று ஒரே வரியில் இருந்ததும், 1993இல் அதைத் திருத்தி, பாதுகாப்பான நாடு என்று கருதப்படும் நாட்டின் வழியாக வந்தவர் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று கதவைச் சாத்தியதும். நூலகத்தில் இருந்து வாசித்தபோதுதான் என் அப்பாவின் கதையை நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை என்று உறைத்தது. அந்தப் பாடத்துக்கு இரண்டு புள்ளி எடுத்தேன் என்று அம்மாவுக்குச் சொல்ல, அம்மா அழத் தொடங்கிவிட்டா. ஜேர்மனியில் ஒன்றுதான் ஆகத் திறம், இரண்டு நல்ல புள்ளி என்று விளங்கப்படுத்த ஒரு ரெலிபோன் கார்ட் முடிந்தது.

தனிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மாணவர் விடுதியில் நத்தார் விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, நானும் ஒரு துருக்கிப் பெட்டையும்தான் மாடி முழுக்க. 2002 ஜனவரி முதலாம் திகதி ஈரோ காசு வந்தது. பிராங்க், மார்க், ஈரோ மூன்றிலும் கணக்குப் பார்த்து இரண்டு பேரும் பாண் வாங்கினோம்.

அப்பா அப்போதுதான் ஒரு நம்பர் தந்தார். "டோட்முண்டில எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், போய்ப் பார்" என்றார். அந்த மாமா வீட்டுக்கு முதன்முதல் போனது 2002 சித்திரை வருடப்பிறப்புக்கு. பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வீட்டில் பொங்கல், ஊரோடு ரெலிபோன், ஒரே அழுகையும் சிரிப்பும். மாமா ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அகதி முகாமின் இரும்புக் கட்டிலில் மாமாவும், மீசை வைத்த என் அப்பாவும்.

1985இல் இருவரும் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கினவர்களாம். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கம் அந்தக் கோட்டை எல்லை என்று ஏற்றுக்கொள்ளாததால் அங்கே பாஸ்போட் பார்க்க ஆளில்லை. இந்தச் சபையிலும் அந்த ரயிலில் வந்த பெரியவர்கள் இருப்பீர்கள். 1986 ஒக்டோபரில் அந்தப் பாதை மூடப்பட்டது. பிறகு இருவரையும் ஒரு சிறிய ஊரில் ஒரே அறையில் போட்டார்கள். அந்த மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது, வேலை செய்யக்கூடாது. எட்டு மாதம். "உன்ர அப்பா பேப்பர் பொறுக்கிக்கொண்டு வந்து அகராதி வச்சு வாசிப்பான். இஞ்ச ஒரு யூனிவர்சிற்றி இருக்கு, அதின்ர வாசலையாவது பார்த்திட்டு வருவம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன். அது மாவட்டத்துக்கு வெளியில." எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். மூன்ஸ்ரர் என்றார் மாமா.

1986 தொடக்கத்தில் ஒரு இரவு அப்பா காரில் ஒளித்துப் பிரான்சுக்கு வந்துவிட்டார். மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த யூலை 7ஆம் திகதி ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலின் கும்பாபிசேகம். தொழிற்சாலைகளுக்கு நடுவில், மாடு வெட்டுகிற இடத்துக்குக் கிட்ட, பெரிய கோபுரத்தோடு எழும்பி நின்றது. நான் கூப்பிட்டேன், அப்பா வந்தார். ஆகன் எல்லையில் பொலிஸ் ஏறிக் கடதாசி பார்த்ததாம். அப்பா நீலப் பத்திரத்தைக் கொடுக்க, ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்களாம். "பதினாறு வருசமா நான் பயந்தது இதுக்கோ" என்று மேடையிலேயே நின்று, ரயில் மேடையைச் சொல்கிறேன், சிரித்தார்.

கோவில் முடிந்து மறுநாள் மூன்ஸ்ரருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தின் தலைமை இடம் ஒரு பழைய அரண்மனை. அப்பா வாசலில் நின்று சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே போகலாமோ என்று கேட்டார். ஆரும் போகலாம் அப்பா என்றேன். சாப்பாட்டுச் சாலையில் என் மாணவர் அட்டையைக் காட்டி இரண்டு தட்டு எடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அப்பா தன் தட்டோடு என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிற பக்கம் வைத்துவிட்டு, அங்கே நின்ற வேலையாளிடம் அகராதியில் படித்த ஜேர்மனில் நன்றி சொன்னார்.

திரும்பி வந்தபின் ஒரு பாடத்தை இங்கே ஏற்கமாட்டோம் என்றுவிட்டார்கள். செப்ரெம்பரில் சோதனை எழுதவேண்டி வந்தது. என் பிழையும் உண்டு. அங்கே பாடத்தை மாற்றினேன், மாற்றியதை எழுத்தில் கையெழுத்து வாங்கவில்லை. படிப்பு ஒப்பந்தம் என்று ஒரு கடதாசி இருக்கிறது, அதில் மூன்று கையெழுத்தும் இல்லாமல் எந்தப் பாடத்தையும் மாற்றாதீர்கள்.

சனம் கதைத்ததா? கதைத்தது. ஒரு கல்யாணப் பேச்சு அதனால் நின்றும் போனது. அம்மா ஒரு மாதம் கவலைப்பட்டா. நான் கவலைப்படவில்லை, என் இவரைக் கேட்டால் அவரும் கவலைப்படவில்லை என்பார், பின்வரிசையில் இருக்கிறார்.

அந்த முருங்கைக்காய்க் கடை அம்மாவும் அவவின் இவரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், நான் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று காட்டமாட்டேன். ஐயா, செவிய்யாவில் ஆர் இருக்கினம் என்று கேட்பீர்கள், எனக்கும் தெரியாது. ஆனால் மகளின் கடிதத்துக்குப் பதில் சொல்லவேண்டிய திகதி கிட்டுகிறது என்று அம்மா சொன்னா. தேநீர் வேளைக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்பம். வடை சுட்டு வைத்திருக்கிறார்கள், ஆறப்போகுது.