நாடிழந்த நங்கை நாட்டிய பெயர்

(திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



அயல்நாடு சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். நான் எடுத்துக்கொண்டது ஒரு மாணவியை. மேரி கியூரி அம்மையார் என உலகம் போற்றும் அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மரியா. 1867 நவம்பர் 7-ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். அன்று போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. உருசியா, பிரசியா, ஆத்திரியா என்னும் மூன்று பேரரசுகளும் அதனைக் கூறுபோட்டுக்கொண்டு எழுபதாண்டுகள் கடந்திருந்தன.

வார்சா உருசியர் பிடியில் இருந்தது. பள்ளியிற் பயிற்றுமொழி உருசியம். போலந்து வரலாற்றை ஆசிரியர் மறைவாகவே கற்பிப்பர். ஆய்வாளர் வரும் மணிக்குறிப்புக் கேட்டதும் நூல்கள் மறையும். சிறுமியர் கையில் தையற்றுணி தோன்றும். விடைகூற எழுப்பப்படுபவர் மரியாவே. உருசியப் பேரரசர் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பித்துவிட்டு, ஆய்வாளர் அகன்றபின் அழுதாராம். விடை சரியாயிருந்தமையே அவ்வழுகைக்குக் கரணியம்! ஆசிரியத் தொழிலில் நரைத்த எனக்கு அது நன்கு விளங்குகின்றது.

1883-இல் பொற்பதக்கத்துடன் பள்ளிப்படிப்பை முடித்தார். வார்சாப் பல்கலைக்கழகமோ பெண்களைச் சேர்ப்பதில்லை. தமக்கை பாரிசில் மருத்துவம் படிக்க, மரியா நாட்டுப்புறச் செல்வர் வீட்டில் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லி அவர்க்குப் பணம் அனுப்பினார். அங்கும் ஓய்ந்திருந்தாரல்லர். உழவர் மக்கட்குப் போலந்து எழுத்தைக் கற்பித்தார். சைபீரியாவிற்குத் துரத்தப்படுவதற்கு அக்குற்றம் ஒன்றே போதும்.

1891-இல் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பதிவேட்டில் மரியா 'மேரி'யானார். பிரெஞ்சுக்காரர் நாவிற்கு எளிதாகட்டும் என்று விட்டுக்கொடுத்தார் போலும். பிரெஞ்சுமொழி நன்கறிவோம் என்று நம்பிச் சென்றவர்க்குப் பேராசிரியர் விரைந்து பேசியது முழுதும் விளங்கவில்லை. கணக்கிலும் குறை இருந்தது. கூரையடி அறையில் வாழ்க்கை. கடுங்குளிரில் கலத்து நீரும் உறைந்தது. ஆயினும் 1893-இல் இயற்பியற் பட்டத்தேர்வில் முதலிடமும், 1894-இல் கணக்கியலில் இரண்டாமிடமும் பெற்றார். தாய்நாட்டினர் அளித்த 600 உரூபிள் உதவித்தொகையை, பின்னர்ப் பொருள் ஈட்டியதும் அப்படியே திருப்பிக் கொடுத்தார். கேட்டவர் எவருமிலர்!

1895-இல் பியேர் கியூரியை மணந்தார். மறு ஆண்டு பெக்கெரல் என்பார், உரேனியம் தானே ஒருவகைக் கதிரை வீசக் கண்டார். அதனையே தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு மேரி தெரிந்துகொண்டார். அக்கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்தும். அந்த நுண்ணிய மின்னோட்டத்தை, பியேரும் அவர்தம் தமையனாரும் அமைத்த கருவியால் அம்மையார் அளந்தார். அளவையிலேதான் உண்மை அகப்பட்டது. உரேனியம் எச்சேர்மத்தில் இருப்பினும், கதிரின் வலிமை உரேனியத்தின் அளவையே பொறுத்திருந்தது. எனவே அது அணுவின் இயல்பே என்று துணிந்தார். பின்னர்ப் பிட்சுபிளெண்டு என்னும் கனிமத்தை அளந்தார். அதிலுள்ள உரேனியத்திற்கு மிஞ்சிய கதிர் அதனின்று வந்தது. கருவி பிழைத்ததோ என்று மீண்டும் மீண்டும் அளந்தார், கருவி பிழைக்கவில்லை. எவரும் அறியாத தனிமம் ஒன்று அதனுள் ஒளிந்திருத்தல் வேண்டும்.

கணவர் தம் ஆய்வை நிறுத்திவிட்டு இவருடன் சேர்ந்தார். 1898 சூலையில் இருவரும் புதுத்தனிமத்தை அறிவித்தனர். பெயர்: பொலோனியம். படத்தில் இல்லாத நாடு தனிம வரிசையில் ஏறிற்று! தம் பெயரில் விட்டுக்கொடுத்தவர் நாட்டின் பெயரில் விட்டுக்கொடுத்தாரல்லர். அவ்வறிவிப்பு பாரிசில் பிரெஞ்சுமொழியில் வந்த காலத்தை ஒட்டியே, வார்சா இதழொன்றிற் போலந்து மொழியிலும் வந்தது. ஆளவந்தார் மொழியில் ஒப்பித்து அழுத சிறுமி, தம் முதற் பெருங்கண்டுபிடிப்பைத் தாய்மொழியிலும் சொல்லிவிட்டார். நாம் கதிரியக்கம் என்று வழங்கும் சொல்லின் மூலமும் அவ்வறிவிப்பின் தலைப்பிலேயே முதலில் தோன்றிற்று. தமிழில் அறிவியற்சொல் ஆக்கலாகுமா என்று வினவுவோர், பிரெஞ்சு மொழியிலும் அச்சொல் முன்னமே இருந்ததன்று. ஆக்கப்பட்டதே என்பதை எண்ணுவாராக.

அவ்வாண்டு திசம்பரில் இரேடியத்தை அறிவித்தனர். அதனைக் கண்ணாற் காட்டினாலன்றி வேதியியலார் ஒப்பார். ஒழுகுங் கூரைக் கொட்டகையில், பல தன் எடையுள்ள கனிமக் கழிவை அம்மையார் காய்ச்சியும் வடித்தும் பிரித்தார். நான்காண்டு உழைப்பில், 1902-இல் கிடைத்தது இரேடியக் குளோரைடு ஒரு கிராமில் பத்திலொரு பங்கு! அதைக் கொண்டே இரேடியத்தின் அணுவெடையைக் கணித்தார். 1903 சூன் 25-ஆம் நாள் சோர்போனில் ஆய்வேட்டை நிலைநாட்டி முனைவரானார். அவ்வாண்டிறுதியில், பெக்கெரலுடனும் கணவருடனும் இயற்பியல் நோபல் பரிசு. 1911-இல் வேதியியலுக்குத் தனியாக மற்றொன்று.

பொலோனியத்தை மட்டும் அவர் தனித்துப் பிரித்தெடுக்க இயலவில்லை. 138 நாளில் பாதி அழிந்துபோகும் பொருள் அது. போலந்து நாடோ 1918-இல் மீண்டும் எழுந்தது. 1932-இல் வார்சாவில் இரேடிய நிலையம் திறந்தபோது, அம்மையார் நேரிற் சென்று, ஒரு கிராம் இரேடியத்தை அதற்கு வழங்கினார். பாடஞ்சொல்லி ஈட்டிய பணத்தால் அவர் மருத்துவராக்கிய தமக்கையே அந்நிலையத்தை நடத்தும் பொறுப்பேற்றார்.