தூண்களுக்கிடையே ஓர் அங்காடி

ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் தேனும் ஊரார் கைக்குச் சென்று சேர ஓர் அங்காடி வேண்டும். பாட்டுக்கும் அது வேண்டும். அச்சேறிய பாட்டு எளிய மக்களைச் சென்றடைந்த அங்காடிகளுள் ஒன்று மதுரைப் புதுமண்டபம்.

மதுரைக்காஞ்சி, நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடிய ஊர் அது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே இம்மண்டபத்தை எழுப்பினார். இறைவனின் வசந்த விழாவே நோக்கம், வணிகம் அன்று. ஏறத்தாழ 330 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். நாயக்க மன்னரின் உருவங்களும் கரும்பு தின்னும் கல்யானையும் அங்கே உண்டு. பின்னாளில் தூண்களுக்கிடையே கடைகள் புகுந்தன. வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றோடு தையற்பொறிகளும் வந்தன. சித்திரைத் திருவிழாவில் அழகர்க்கு நீர் பீய்ச்சும் அடியார்க்குரிய சல்லடத்தையும் உருமாலையும் அங்கே தைத்துத் தந்தவருள் இசுலாமியர் பலர். சமய நல்லிணக்கம் பற்றிய மேடைப்பேச்சு எதுவும் அந்த ஊசிக்குத் தேவைப்படவில்லை!

புலவர்கள் கருதிப் பார்க்க வேண்டியவை புத்தகக் கடைகள். இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற பதிப்பாளர் பெயரோடு ‘புதுமண்டபம், மதுரை’ என்பதும் தமிழ் நூலுலகில் நிலைத்தது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, கும்மி, சிந்து, நாடகப் பாடல் எனப் பெரிய எழுத்தில் மலிவுத் தாளில் அச்சான நூல்கள் அங்கே விலைபோயின. திருவிழாவுக்கு வந்த உழவர் வளையலோடு ஒரு கதைப்பாட்டையும் வாங்கிச் சென்றார். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, திண்ணை முழுதும் கேட்டது. இந்நூல்களைப் ‘பிழை மலிந்தவை’ என்று கல்வித்துறை நெடுங்காலம் ஒதுக்கியது. பிழைகள் உண்மையே, ஆயினும் அந்த ஒதுக்கல் நேரியதன்று. நூலகங்களும் சேர்க்காது விட்டமையால் தாள்கள் பல மட்கின.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. கடைகள் கல்லுக்குக் கேடு என்பது அன்று கண்கூடாயிற்று. அதன் பின்னர்ப் புதுமண்டபக் கடைகளும் அண்மையிலுள்ள குன்னத்தூர்ச் சத்திர வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டன. சிற்பத்தின் பொருட்டு இது வேண்டிய செயலே. ஆனால், சிற்பத்தைக் காக்க ஆணை பிறந்தது. அங்கு விற்ற பாட்டைத் தொகுக்க ஆணை ஏதும் வேண்டியதில்லை. மூத்தோர் பெட்டியின் அடியில் அட்டை கிழிந்த பெரிய எழுத்து நூல் ஒன்று கிடைக்குமாயின், அதன் முதல் பக்கத்து முகவரியை வட்டத்து அன்பர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.