மடியில் பிள்ளை, கையில் புத்தகம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மாதாமாதம் நாங்கள் வந்தால் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, தவணை பாக்கி யார் என்றுதான் கேட்போம். இன்றைக்கு அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்கிறோம். நேற்று ராத்திரி உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு யாராவது ஒரு கதை வாசித்துக் காட்டினீர்களா?

கை தூக்கியது ரெண்டே பேர்தான். பரவாயில்லை. அடுத்த மாதம் இதே கேள்வியைக் கேட்போம்!

பிள்ளைகள் படிப்புக்காக நாம் கடன் வாங்குகிறோம். ஃபீஸ் கட்டுகிறோம், டியூஷன் அனுப்புகிறோம். ஆனால் படிப்புக்கு அஸ்திவாரம் விழுவது பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னாடியே. மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது. அந்த வயதில் காதால் கேட்ட வார்த்தைகள்தான் பின்னால் புத்தகத்தில் பார்க்கும்போது புரியும்.

வேலை அவசரத்தில் நாம் பிள்ளையிடம் என்ன பேசுகிறோம்? "சாப்பிடு, குளி, அங்க போகாத, தூங்கு." அவ்வளவுதான். கதையில்தான் காடு வருகிறது, கடல் வருகிறது, தந்திரமும் பொறாமையும் வருகிறது. இந்த வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டும்போதே அர்த்தம் பிடிபடும். கேட்காத பிள்ளை எழுத்தைப் படித்துவிடும், பொருள் தெரியாமல் முழிக்கும்.

"எங்களுக்கே சரியா படிக்கத் தெரியாதே" என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதற்கு ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறோம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு உறுப்பினர் அப்போது படித்தவர். அதன்பிறகு வீட்டில் படிக்க ஒரு தாள்கூடக் கிடையாது. எழுத்தெல்லாம் மறந்து கையெழுத்து மட்டும்தான் மிஞ்சியது. கடன் பத்திரத்தை நீட்டினால் படிக்காமலே போட்டுக் கொடுப்பார். நாங்களும் "சீக்கிரம் போடுங்கம்மா, பேங்க் மூடிருவாங்க" என்று அவசரப்படுத்தியிருக்கிறோம். அது எங்கள் தப்பு.

மகள் வெளியூர் வேலைக்குப் போனதால் நாலு வயதுப் பேத்தி அவரிடம் வளர்கிறது. பெரிய எழுத்துப் படப் புத்தகம் ஒன்று கொடுத்தோம். "எழுத்துக் கூட்டிப் படிச்சா பேத்தியே சிரிக்கும், வேணாம்மா" என்றார். படத்தைப் பார்த்துக் கதையை மட்டும் சொல்லுங்கள் என்றோம். அப்படித்தான் ஆரம்பித்தார். பேத்தி விடவில்லை. "நேத்து சொன்னதையே சொல்லு" என்று தினமும் அதே புத்தகத்தைத் தூக்கி வந்தது. சொல்லிச் சொல்லி, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தும் பாட்டிக்குத் திரும்ப வந்துவிட்டது.

போன மாதம் குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டியபோது, "கொஞ்சம் இருங்க, பார்த்துட்டுப் போடுறேன்" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒற்றெழுத்து வந்தால் இன்னும் தடுமாறுகிறார். கால்மணி நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தோம். பேத்திக்காக எடுத்த புத்தகம் பாட்டிக்கும் உதவியது பாருங்கள்!

எப்படி வாசிப்பது? பெரிய வித்தை ஒன்றுமில்லை.

1. நாளைக்குப் பத்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கப் போகும் முன் என்று ஒரு நேரம் வையுங்கள்.

2. ஆறு மாதக் குழந்தைக்கும் வாசிக்கலாம். புத்தகத்தை வாயில் வைக்கும், இழுக்கும். இழுக்கட்டும். உங்கள் குரல் அதற்குக் கேட்டால் போதும்.

3. மடியில் உட்கார வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள்.

4. பக்கத்தைத் திருப்பும் முன், "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் திட்டாதீர்கள். இது பரீட்சை இல்லை.

5. கேட்ட கதையையே கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். அப்படித்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும்.

6. படிக்கத் தெரியாவிட்டால் படத்தைக் காட்டி உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள். அல்லது பெரிய பிள்ளையை வாசிக்கச் சொல்லி, சின்னதோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். வீட்டுக்காரரும் வாசிக்கலாம், அது பொம்பளை வேலை மட்டும் இல்லை!

"போனில்தான் கதை ஓடுதே" என்று சிலர் சொல்வீர்கள். போன் கதை சொல்லும். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லாது. போனை வைத்தே செய்ய வேண்டுமானால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. அதைத் திறந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

புத்தகத்துக்குக் காசு? ஒரு குழுவில் 15 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் 300 ரூபாய். நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி குறைந்த விலையில் போடுகிறவர்களிடம் அஞ்சாறு சிறு புத்தகம் வாங்கலாம். வாரம் ஒரு வீடு என்று சுற்றுக்கு விடுங்கள். உள்கடன் சுற்றுவது போல இதுவும் சுற்றட்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். கிழியாமல் பீரோவில் இருக்கும் புத்தகத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஊர்ப்புற நூலகம் பக்கத்தில் இருந்தால் உறுப்பினர் ஆகுங்கள். அரசுப் பள்ளிகளில் 2023-ல் வாசிப்பு இயக்கம் தொடங்கிச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அவை இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள்.

இன்று ஊருக்குப் போனதும் ஒரு தீர்மானம் போடுங்கள்: எங்கள் குழுவில் சின்னப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தினம் பத்து நிமிடம் வாசிப்போம். அந்தத் தீர்மானத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இனிமேல் நாங்களும் அவசரப்படுத்த மாட்டோம்.